காரணம் எழுத ஒரு வரி

நரின் நகரில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானி
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டைத் தொட்டதும்
அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

பிஷ்கெக்கிலிருந்து வந்த படிவத்தில்
அனார்குலின் பெயரை எழுதுகிறேன்.
செவிலியர், குழந்தைகள் பிரிவு, இரவுப்பணி.
பணித்திறன்: ஒன்று முதல் ஐந்து வரை.

தாமதம்: பதினொரு நிமிடம், ஆறு முறை.
வேன் நிரம்பாமல் ஓட்டுநர் கிளம்பமாட்டார்.
காலி இருக்கைக்கும் தானே காசு கொடுத்து
அவள் நேரத்துக்கு வந்த நாட்களுக்குப்
படிவத்தில் கட்டமில்லை.

இடத்தில் இல்லாத நேரம்: இருபது நிமிடம், இருமுறை.
துணி அறையில், மடித்த போர்வைகளுக்கு நடுவே,
தாழ் இல்லாத கதவை
முதுகால் அடைத்துக்கொண்டு
பால் பீய்ச்சுகிறாள்.
ஐந்து மாதப் பையன் மாமியாரிடம்.
கணவன் கசானில், கட்டட வேலை.
அங்கே கடிகாரம் மூன்று மணி பின்னால்.
அவன் ஓய்ந்து கூப்பிடும்போதெல்லாம்
இவள் கையில் யாருடைய குழந்தையோ.

அடுத்த கேள்வி:
நரம்பு கிடைக்க எத்தனை குத்து?
நான்கு.
எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

அந்த இரவு நானும் இருந்தேன்.
பெட்டியில் எட்டாம் எண் கையுறை மட்டும்.
அவள் கை ஆறரை.
விரல்நுனியில் ரப்பர்
வாடிய மிளகாய்போல் தொங்க
ஒன்பது நாள் குழந்தையின் மணிக்கட்டில்
நூலளவு நீலத்தைத் தேடினாள்.
"ஏ பொண்ணு, இன்னும் ஆகலையா?"
வாசலிலிருந்து டாக்டர் அசில்பெக்.
பொண்ணுக்கு வயது முப்பத்து நான்கு.
திரும்பிப் பார்க்கவில்லை.
நாலாவதில் ரத்தம் எட்டிப் பார்த்தது.
குழந்தை வீறிட்டது.
அழட்டும் என்றாள்,
அழுகிற வரைக்கும் பயமில்லை.

காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி,
என் சுண்டுவிரல் நீளம்.
வேனை எழுதினால் தாழ்ப்பாளுக்கு இடமில்லை.
டாக்டரை எழுதினால்
எனக்கே இடமில்லை.

கையுறை, ஆறரை, அவசரம் என்று எழுதினேன்.
ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அதிகம் என்பவர்கள் நேரில் வந்து கேட்கட்டும்,
அந்த வேன் நிரம்பும்வரை
அவர்களும் உட்கார்ந்திருக்கட்டும்.

மார்ச்சில் வந்து சேர்ந்தன
இருபது பெட்டிகள்.
எல்லாம் எட்டு.

அனார்குல் ஒன்றை மாட்டி,
விரலை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
மணிக்கட்டில் பிளாஸ்திரி சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

நான் சந்தைக்குப் போய்
துணி அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன்.
நாலு துளை, மூன்று திருகாணிதான் கிடைத்தது.
தாங்குகிறது.