கடைசிப் பெயர் முதலில்

கடைசிப் பெயரை முதலில் போடுங்கள்.
அப்புறம் ஒரு கமா.
அப்புறம்தான் வீட்டில் கூப்பிடும் பெயர்.

டில்லார்ட் கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
கோக் மெஷினுக்கும் கால் உடைந்த பெஞ்சுக்கும் நடுவே
பொதுமக்களுக்கென்று ஒரு கணினி.
பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நான்,
பதினோரு வருடமாக.

இங்கே யாரும் தனக்காக வருவதில்லை.
"ஒரு நண்பருக்குப் பிடிவாரண்ட் இருக்கிறதா பார்க்கணும்" என்பார்கள்.
நண்பரின் பிறந்த தேதியை
ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்வார்கள்.
நான் தலை நிமிர்வதில்லை.
சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
எழுத்துப்பிழை திருத்த உண்டு.

மெக்ரே என்றால்
மெக்குக்குப் பின்னால் இடம் விட்டும் தேடுங்கள், விடாமலும் தேடுங்கள்.
பெயர் ஒத்துப்போனதும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்,
பிறந்த வருடத்தைப் பாருங்கள்.
இதில் இல்லையென்றால் எங்கும் இல்லை என்று ஆகாது:
நகரத்து வாரண்டுகள் எதிர்த்தெரு அலுவலகத்தில்.
ஆற்றைத் தாண்டினால் வேறு கவுண்டி, வேறு பட்டியல்.
நீதிபதி மூடி வைத்தவை
எந்தத் திரையிலும் வராது,
விடியற்காலையில் கதவைத் தட்டும்வரை.

ஆர்வில் ஹக்கபி என்று ஒருவர் வந்தார்.
பள்ளிப் பேருந்து ஓட்ட மனுப் போட்டிருந்தார்.
அவருடைய நண்பருக்கு இருந்தது:
உரிமம் இல்லாத நாய், கட்டாத அபராதம், போகாத வாய்தா.
திரையோடு பேசுவதுபோலச் சொன்னார்,
"டம்ப்ளிங் செத்து ஆறு வருஷம் ஆச்சே."
நாய்க்கு ஆயுசு அவ்வளவுதான்.
வாரண்டுக்கு வயதாவதில்லை.
அன்றைக்கே நாற்பது டாலர் கட்டிவிட்டுப் போனார்,
நண்பருக்காக.

லொரெட்டா க்விஸ்ட் வெள்ளிக்கிழமைதோறும் வருவாள்.
கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
ரப்பர் பூட்ஸோடு, குளோரின் வாடையோடு.
அவள் மட்டும் நண்பர் என்று சொன்னதில்லை.
"என் தம்பி."
க்விஸ்ட், கமா, எம்மெட் லைல்.
திருட்டு டிரக் வழக்கு, நான்கு வருடத்துக்கு முன்னால்.
நிலை: நிலுவையில்.
அந்தச் சொல்லைக் கண்டதும்
அவள் தோள்கள் இறங்கும்.
முதல் சில மாதம் எனக்கு விளங்கவில்லை.
பிடிவாரண்டைப் பார்த்து
நிம்மதியாக மூச்சு விடுகிறவர் யார்?

அவன் போன் நம்பர் இப்போது ஒரு பல் மருத்துவருடையது.
போட்ட கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன.
வங்கி அவன் கணக்கை மூடிவிட்டது.
ஷெரீஃப் ஒருவர்தான்
அவன் எங்கோ நடமாடுகிறான் என்று
இன்னமும் எழுத்தில் நம்பிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி. வெளியே உறைமழை.
பெயரைத் தட்டினாள்.
மறுபடி தட்டினாள்.
கடைசிப் பெயரில் ஒரு எழுத்தைக் குறைத்துத் தட்டினாள்.
பதிவுகள் ஏதுமில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?"
பிடித்திருக்கலாம், என்றேன்,
சிறைப் பட்டியல் இரண்டாம் மாடியில்.
நீதிபதி ரத்து செய்திருக்கலாம்.
மூன்றாவது ஒன்றும் உண்டு.
அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால்
வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கலாம் என்றேன்,
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.

கோப்பில் புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு தாள்.
நாணயத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.
தாளை நீட்டினேன்.
வாங்கவில்லை.

"நீங்களே வச்சுப் படிங்க. சொல்லிடாதீங்க.
பேரு சரியா எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க.
எங்களுக்கு எப்பவும் தப்பாத்தான் எழுதுவாங்க."

பார்த்தேன்.

சரியாகத்தான் இருந்தது.
நடுப்பெயர்கூட.