ஆருக்கு

கிளிநொச்சிக் கடையில் பெடியன் கேட்டான்,
"ஆருக்கு அண்ணை?"
நான் கண்ணாடிப் பெட்டியின் இடப்பக்கம் குனிந்திருந்தேன்.
வலப்பக்கம்தான் ஆம்பிளைகளுக்கு:
சட்டி மூடியளவு முகங்கள்,
கடலுக்கடியில் இருநூறு மீற்றர் தாங்குமாம்.
நான் இறங்குகிற ஆழம்
மாரியில் முள்ளியவளைப் பஸ் நிலையம்,
கணுக்கால் வரை.

"மனுசிக்கு" என்றேன்.
பொய்க்கு றோஸ் தாள் சுற்றி
றிபன் கட்டித் தந்தான்.
பரந்தன் வரமுன்னம் மடியில் வைத்து அவிழ்த்தேன்.
பக்கத்தில் இருந்தவர்
யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டார்.
அவ்வளவு மரியாதை.

இரண்டு ரூபாய்க் குற்றியளவு முகம்.
இலக்கமில்லை, மெல்லிய கோடுகள் மட்டும்.
நிமிட முள் ஒரு நெல்மணி நீளம்.

தனியார் பஸ்களுக்கு நேரம் போடுகிறவன் நான்.
தகரக் கொட்டில், மேசை, விசில், லொக் சீற்.
ஆறு நாற்பது என்றால் ஆறு நாற்பது.
பிந்தினால் இ.போ.ச. சனத்தை அள்ளும்,
முந்தினால் சண்டை,
சண்டை வந்தால் எல்லாரும் பார்ப்பது
என் மணிக்கட்டை.

பார்த்தார்கள்.

"என்ன நேசராசா, அவசரத்தில
மனுசியின்ரையைக் கட்டிக்கொண்டு வந்திட்டியோ?"
"பொம்பிளை மணிக்கூடு,
வெளிக்கிடவே அரை மணித்தியாலம் செல்லும்."
கூடச் சிரித்தவன் கெங்காதரன்.
ஒட்டுசுட்டான் றூட். பெரிய மீசை.
கையில் டுபாய் மைத்துனன் அனுப்பிய இரும்புச் சக்கரம்;
கியர் மாற்றுகையில் அது இடிபடும் சத்தம்
கொட்டிலுக்குக் கேட்கும்.

"கை மெலிவு" என்றேன்.
உண்மைதான். சுவிஸ் அத்தான் தந்த பெரியது
முழங்கை வரை போய்த் திரும்பும்,
கையெழுத்து வைக்கையில் மேசையைத் தட்டும்,
கீழே படுத்திருக்கிற நாய் எழும்பிப் பார்க்கும்.
கை மெலிவு, கை மெலிவு என்று
ஒரு மாதம் சொன்னேன்.
ஊர் ஏற்றுக்கொண்டது.
வருத்தக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறது பிழையல்லவா.

சுகந்தினி மூன்றாம் நாள் கண்டாள்.
தன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து,
"எனக்குச் சின்னன், கண்ணுக்குப் பிடிபடாது"
என்று தந்துவிட்டு
மீனுக்குப் போய்விட்டாள்.

ஒரு காலம் இங்கே நேரமே இரண்டு.
ஓமந்தைக்கு அங்கால் ஒன்று, இங்கால் ஒன்று,
நடுவில் அரை மணித்தியாலம்.
வரிசையில் நின்றபடியே முள்ளைத் திருகுவோம்.
ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை.
பையைக் கொட்டி, செருப்பைக் கழற்றி,
சீப்பைக்கூட முறித்துப் பார்த்தவர்கள்
மணிக்கூடு ஆற்றை அளவென்று
கேட்டதேயில்லை.

கை மெலிவால் வாங்கவில்லை.

அதை எப்படிச் சொல்ல?
மற்றதுகள் எல்லாம் என்னைப் பார் என்றன.
இது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
வடிவாயிருந்தது.
நாற்பத்தாறு வயதில்
என் கைக்கென்று அந்தச் சொல்லை
முதன்முதல் எடுத்தேன்.
எடுத்து, றிபன் கட்டி,
மனுசியின் பெயரில் ஒளித்தேன்.

நேற்று, ஆறு முப்பத்தெட்டு.
சனம் ஏறியாயிற்று.
கெங்காதரன் கொட்டிலுக்குள் வந்து
சக்கரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான்.
மணிக்கட்டில் வெயில் படாத வளையம்,
எலும்பின்மேல் காய்ப்பு.
"உதை ஒருக்காத் தா, பாப்பம்."

கடைசி ஓட்டைக்கும் பட்டி எட்டவில்லை.
கட்டாமலே மேலே வைத்து,
மற்றக் கையால்
கோழிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரிப் பிடித்து,
விரலிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றான்.
கொண்டக்டர் பெடியன் பஸ்சில் தட்டினான்.
திரும்பவும் தட்டினான்.
"உதில பட்டி நீளமா வருமோ?"

ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.
கடையின் பெயரைச் சொன்னேன்,
இடப்பக்கம் என்றும் சொன்னேன்.

ஒட்டுசுட்டான் பஸ் எடுத்தது
ஆறு நாற்பத்து மூன்றுக்கு.
ஆறு நாற்பது என்று எழுதினேன்.
தன்னுடையதை அவன் மறந்துவிட்டுப் போயிருந்தான்.
லொக் சீற்றின் மேல் அந்த இரும்பு,
நாலு நிமிடம் வேகம்.
காற்றடித்தது.
தாள் பறக்கவில்லை.