கணு

டிக்டாகா. ராஸ் அல் கைமா மலைக்கு இப்பால்,
ஏப்ரல் மாத வெயில்.
என் கையில் இரண்டு பெயிண்ட் டப்பா:
வெட்ட வேண்டியதற்குச் சிவப்பு,
நிற்க வேண்டியதற்கு வெள்ளை.

இலையைப் பார்த்து ஏமாறாதே என்றார் டாக்டர் ஹெஸ்ஸா.
பூவையும் நம்பாதே, இரண்டுமே மஞ்சள் கதிர்தான்.
முள்ளைப் பார்.
கணுவுக்குக் கணு ஜோடி போட்டிருந்தால் கடல் தாண்டி வந்தது.
கணுக்களுக்கு நடுவில், நினைத்த இடத்தில்,
கத்தரிக்காய்க் காம்பு முள் மாதிரி
ஒற்றையாய்க் குந்தியிருந்தால் காஃப்.

காஃப் என்றால் எங்கள் வன்னி.
தார்ப்பார்க்கர் அல்லாதினோவுக்கு அது கண்டி.
மற்றதுதான் சீமைக்கருவேல்.
முதுகுளத்தூரில் அதை மூட்டம் போட்டு
கரி விற்ற காசில்தான் எனக்கு பாஸ்போர்ட்.
என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை அது.

ஒரு காலத்தில் ஒரே வீடு என்றார் டாக்டர்.
எவ்வளவு காலம்?
சில கோடி வருஷம். நான் மேலே கேட்கவில்லை.
அந்தக் கரையில் ஒரு பங்காளி
நெற்றுக்குள் இனிப்பைத் தடிக்க வைத்துக் காத்திருந்தானாம்,
அதைத் தின்ன வந்த பெரிய மிருகங்களெல்லாம்
இப்போது எலும்புகூட மிச்சமில்லையாம்.
இந்தக் கரையில் இன்னொருவன்
இலையைச் சுருக்கி, மணலோடு பேசிப் பழகினான்.
வேருக்கு மட்டும் இருவரிடமும் ஒரே புத்தி,
ஆழம் பார்க்காமல் விடுவதில்லை.

பிறகு யாரோ, நிழல் வேண்டுமென்று,
ஒரு சாக்கு விதையைக் கப்பலில் ஏற்றினார்கள்.
அவ்வளவுதான் கடல்.

இப்போது பத்தடி தள்ளி நிற்கிறார்கள்.
ஒரே நிலத்தடி நீர், அதற்குத்தான் சண்டை.
தேனீ இங்கிருந்து அங்கே போகிறது,
ஒரு பிஞ்சுகூடக் கலந்து பிடிப்பதில்லை.
போன சில வருஷத்தில் பேரையும் பிரித்துவிட்டார்களாம்,
குடும்ப அட்டை இனித் தனித்தனி.

நூற்றுப் பதினேழாவது மரம்
ஒன்றா இரண்டா தெரியவில்லை.
கிளைக்குள் கிளை. வெளிச்சம் இறங்கிவிட்டது.
கையுறையைக் கழற்றித் தடவினேன்.
சுருக்கென்றது.

கைபேசி விளக்கில் பார்த்தால்
உள்ளங்கையில் ஒடிந்த முள்,
ஒன்றே ஒன்று.
அதில் கணு இல்லை.

அல்லாதினோ வண்டியைக் கிளப்பிவிட்டான்.
இரண்டு டப்பாவையும் மூடினேன்.
மூடியில் என் ரத்தமா பெயிண்டா,
காலையில் பார்த்துக்கொள்ளலாம்.