கழிவு போக

லாங் பஜார் மண்டியில் பதினாறு வருஷம்.
துவரை ஐம்பது, வெல்லம் முப்பது,
சர்க்கரை நூறு கிலோ சிப்பமாக வந்த காலமும் உண்டு.
சீட்டைப் பார்க்க வேண்டாம்.
பிடரியில் ஏறியதுமே சொல்லிவிடுவேன்,
அரைக் கிலோ குறைந்தாலும்.

ஆனி மாசம் லாரிப் பலகை ஒரு பக்கம் பெயர்ந்தது.
மூட்டையை விடாமல் விழுந்தேன். அதுதான் தப்பு.
எனக்குச் சத்தம் கேட்கவில்லை.
கீழே நின்ற பாஷா சொன்னான்,
கரும்பு ஒடித்த மாதிரி என்று.

முதலில் கட்டுக்குத்தான் போனோம்.
முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, துணி.
கட்டியவர் மேல் பழியில்லை.
இருபத்தோரு நாள் அசையாதே என்றார்,
தங்கச்சிக்கு வளைகாப்பு, நான் அசைந்தேன்.
எலும்பு கூடிவிட்டது.
கிழக்கே பார்த்து நின்றால்
இடது பாதம் மட்டும்
வடக்கே பாலாற்றைப் பார்த்தது.

பெரிய ஆஸ்பத்திரியில்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி
டாக்டரம்மா சொன்னது ஒரே வரி:
“கூடினதை மறுபடி ஒடிச்சு, உள்ளே கம்பி வைக்கணும்.”
பவுனு என் முகத்தைப் பார்க்கவில்லை.
பையிலிருந்த நோட்டுகளை எண்ணினாள்.
எண்ணி முடித்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

பக்கத்துப் படுக்கைக்காரர் வங்காளம். இடுப்பு எலும்பு.
இரண்டு நாள் ரயிலில் படுத்தே வந்தவர்.
அவருக்குத் தெரிந்த தமிழ் ‘வலி’, ‘தண்ணி’.
எனக்கு அவர் மொழியில் அதுகூட இல்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு அவர் ‘வலி’ என்பார்,
நான் ‘தண்ணி?’ என்பேன்.
போதுமானதாகத்தான் இருந்தது.

எட்டாவது வாரம்
பயிற்சி கொடுக்கும் ஷெரின்
தரையில் ஒரு சின்னத் தராசை வைத்தாள்.
“இடது காலை இதுல வைங்க அண்ணா.
பத்து கிலோ அழுத்தணும். மேல போகக் கூடாது.”

பத்து கிலோ!
டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டே
மறு கையால் நகர்த்துகிற எடை.
முள் நாலில் நின்றது.
தலைக்கு மேல் மின்விசிறி ஓடியும்
முதுகெல்லாம் வேர்வை.
ஐந்து. ஆறு.
ஏழில் பயந்து எடுத்துவிட்டேன்.
எந்த மூட்டையிடமும்
நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

அடுத்த வாரம் இருபது.
“நம்ம கார்டுக்கு மாசாமாசம் வர்ற அரிசிதான்,
அதைத் தூக்க மாட்டியா?” என்றாள் பவுனு.
அந்தக் கணக்கு காலுக்குப் புரிந்தது.

மாசியில், கோல் ஊன்றி,
மண்டி வரைக்கும் போய்வந்தேன்.
பெரிய தராசில் ஏற்றிவிட்டார்கள்.
ஐம்பத்தாறு.
பாஷா காதிலிருந்து பென்சிலை எடுத்தான்:
“சாக்குக்கு ஒரு கிலோ தள்ளுவோம்.
உள்ளே கம்பி இருக்கே, அதுக்கு எவ்வளவு கழிவு?”
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பதில் வரவில்லை எனக்கு.
வீட்டில் கேட்க வேண்டும்.
கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே
நாலு மாசம் என்னைத் தோளில் சாய்த்துப் போனவள்
கம்பியோடும் தூக்கியிருக்கிறாள்,
கம்பி இல்லாமலும்.