நிறம் என்னும் கட்டம்

முப்பத்தொரு வருஷமாகச் சீட்டெழுதுகிறேன்,
லாஸ் பான்யோஸில், உலர்தாவரக் கூடத்தில்,
ஜன்னல் இல்லாத மூன்றாம் அறை.
பாச்சை உருண்டை வாசம் சட்டையோடு வீட்டுக்கு வரும்.
வாசலிலேயே கழற்று என்பாள் பிலோமினா.

இடம். உயரம். தேதி. பறித்தவர் பெயர்.
கடைசியில் ஒரு சிறு கட்டம்:
உயிரோடிருந்தபோது நிறம்.
மூன்று விரற்கடை அகலம்.
ஒரு சொல் உட்காரலாம்,
கால் நீட்ட முடியாது.

தயாபாக் கொடிக்கு எங்களிடம் பதினான்கு தாள்கள்.
பதினான்கிலும் பூ, கத்தரிக்காய்த் தோல்.
காய்ந்தால் அப்படித்தான் ஆகுமாம்.
கட்டத்தில் ஒருவர் பச்சை என்கிறார்.
ஒருவர் நீலம்.
ஒருவர் பச்சை என்றெழுதி அடித்து
நீலம் என்றெழுதி
அதையும் அடித்திருக்கிறார்.
ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தாளில் கட்டம் காலி.
பென்சில் முனை அழுந்திய ஒரு புள்ளி மட்டும்,
யாரோ யோசித்த இடம்.

நான் பார்த்ததில்லை.
பூவை வைத்துச் சோறு தின்றவன்
அது பூத்து நின்று பார்த்ததில்லை.

போன மார்ச்சில் நார்சிசோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான்,
முழங்கால் போனது.
நீங்கள் போங்களேன், கையெழுத்து நன்றாகத்தானே இருக்கிறது
என்றார்கள்,
கையெழுத்தால் மலையேறலாம் என்பதுபோல.

சியெரா மாத்ரே. உமிராய் ஆற்றுக்கு மேலே.
வழிகாட்ட வந்தவள் துமாகத் பெண், அனிசெட்டா.
அவள் காலில் ரப்பர் செருப்பு,
என் காலில் இரவல் பூட்ஸ்.
ஓடையை ஏழுமுறை கடந்தோம்,
ஏழும் ஒரே ஓடை.
மூன்றாம் முறை
தண்ணீரில் நகங்கள் மிதந்து வந்தன.
மேலே யாரோ ஏதோ ஒரு மிருகத்துக்கு
நகம் வெட்டிக்கொண்டிருப்பதுபோல.
அவள் மகன் பத்தைப் பொறுக்கி
விரல்களில் மாட்டிக்கொண்டு
என்னைப் பார்த்து உறுமினான்.
பயந்துதான் போனேன், ஒரு நொடி.

பிறகு, கொடி.
மரத்தின் தோளிலிருந்து ஆள் நீளச் சரங்கள்,
எல்லாம் தலைகீழாய்.

உச்சிவெயிலில் பச்சை என்றெழுதினேன்.
மேகம் வந்தது, அடித்தேன்.
களிம்பேறிய செப்புக்குடம் என்றெழுதினேன்,
குடம் கட்டத்துக்கு வெளியே வழிந்தது.
அந்தப் புள்ளிக்காரரை நினைத்துக்கொண்டேன்,
பாவம், நல்ல மனுஷராக இருந்திருப்பார்.

உங்கள் பாஷையில் இது என்ன நிறம்?

அனிசெட்டா சுட்ட மரவள்ளியைத் தோலுரித்தபடி
திருப்பிக் கேட்டாள்:
எப்போது?

எப்போது என்றால்?

கிழங்கில் பாதியை என்னிடம் நீட்டினாள்.
இரு என்றாள்.

இருந்தேன்.
அட்டைகள் பூட்ஸுக்குள் இறங்கிக் குடித்தன.
வெளிச்சம் முதலில் மண்ணைக் கைவிட்டது,
அப்புறம் இலைகளை,
அப்புறம் பென்சில் பிடித்த என் கையை.
கடைவீதி முழுக்கப் பூட்டியபின்
ஒரு கதவிடுக்கில் மட்டும் விளக்கெரிவதுபோல
சரங்கள் தனியே நின்றன.
வௌவால் வந்தது.
தலைகீழான வீட்டுக்குத்
தலைகீழாய் உட்காரத் தெரிந்த விருந்தாளி.
நக்கியது. நெற்றியில் மகரந்தத்தோடு
அடுத்த சரத்துக்குத் தாவியது,
அங்கும் ஒருவாய்.

இப்போது, என்றாள் அனிசெட்டா.

டார்ச் அடிக்க மனம் வரவில்லை.
இருட்டிலேயே எழுதினேன்.
காலையில் பார்த்தால் எழுத்துகள்
ஒன்றன் முதுகில் ஒன்று ஏறியிருந்தன:
மாலை ஆறு நாற்பத்தைந்து.

பதினைந்தாம் தாளும் இப்போது கத்தரிக்காய்த் தோல்தான்.
பதிவாளர் சீட்டைத் திருப்பிவிட்டார்,
சிவப்புப் பென்சிலில்:
நிறம் கேட்டால் மணி சொல்கிறீர்?
மேஜைமேல் கிடக்கிறது.
பதில் எழுதவில்லை இன்னும்.

நேற்று துவைக்கும்போது
சட்டைப்பையில் ஒரு நகம் அகப்பட்டதாம் பிலோமினாவுக்கு.
கறுத்துச் சுருங்கி, ஆனால் உடையாமல்.
ஈரக் கையோடு சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தாள்.
தொளதொளத்தது.
கட்டைவிரலுக்கு மாற்றினாள்.