இதர

செவ்வாய்ப்பேட்டையில் என் டச் கடைக்கு
முகங்கள் வருவதில்லை.
அறுந்த கொலுசு வரும், விரலுக்குச் சேராத மெட்டி வரும்,
பல் முளைத்த குழந்தை கடித்துத் தள்ளிய கிண்ணம் வரும்.
அதனால் அந்த ராஜாவை மேஜைமேல் வைத்தபோது
நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

தாடிக்காரர். கறி தின்ற கழுத்து.
கிரீடம் மட்டும் பின்பக்கம்,
அதன்கீழே பங்காளிச் சொத்துபோல்
கேடயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள்.
நூற்றிருபது என்று ஓர் எண்.

போனைக் காட்டினேன். போன் சொன்னது:
நேப்பிள்ஸ். இரண்டு சிசிலிகளின் அரசு.
(வரைபடத்தில் ஒரு சிசிலிதான் இருக்கிறது,
இன்னொன்றைத் தேடிப் பார்த்தேன்.)
இத்தாலி ஒரே நாடாகுமுன் ஓடிய வெள்ளி,
பேர் பியாஸ்த்ரா,
நூற்றிருபது கிரானா சேர்ந்தால் இது ஒன்று.

விளிம்பிலும் எழுத்து ஓடியது.
ஓரத்தைச் சுரண்டித் தூள் சேர்க்கிறவன்
கையும் களவுமாகச் சிக்கட்டுமென்று.
அங்கேயும் நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.
லத்தீனாம்:
‘மிக நல்ல மன்னனின் முன்யோசனை.’

கொண்டுவந்தவள் செல்லாயி, நாகலூர்.
இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே
இறங்கி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன்,
உட்காரவில்லை.
“சின்ன முதலாளி குடுத்ததுங்க.
அம்பத்திரண்டு நாள் கூலிக்கு இதுன்னாரு.
அவங்க தாத்தா பீரோல இருந்ததாம்,
லட்சத்துக்குப் போகும், பத்திரமா வைன்னாரு.
வெச்சேன். அப்புறம் ரெண்டு தடவை மொளகு பறிச்சாச்சு.”

ராஜாவின் நெற்றிக்கு மேலே ஓர் ஓட்டை.
எவரோ சங்கிலியில் கோத்துத் திரிந்திருக்கிறார்கள்.
ஓட்டை விழுந்ததைச் சேகரிப்பவன் தொடமாட்டான்,
எனக்கு அது குற்றமில்லை.
முலாமா என்று பார்க்க
‘மிக நல்ல’ என்ற இடத்தில் அரம் வைத்தேன்.
உள்ளேயும் வெள்ளிதான்.

இருபத்தேழு கிராம் நானூறு மில்லி.
மெஷின் எண்பத்து மூன்று காட்டியது,
நம் தெருவில் சில கொலுசைவிட யோக்கியம்.
அன்றைய ரேட்டுக்குப் போட்டால்
ஆயிரத்து எழுநூற்று முப்பது.

அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.
அவள் கேட்டது வேறு:
“அந்த ஊர்ல இந்த ஒரு காசுக்கு
எத்தனை நாள் வேலை செய்யணுங்க?”

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
எந்த வருஷம் எத்தனை அடித்தார்கள், இருந்தது.
எந்த அச்சில் தாடி நீளம், எதில் குட்டை,
அதுவும் இருந்தது.
ராஜாவுக்கு எத்தனை பிள்ளை என்பதுகூட.
எலுமிச்சை பறித்தவளுக்கோ
கந்தகச் சுரங்கத்தில் குனிந்தவனுக்கோ
சனிக்கிழமை கையில் என்ன விழுந்தது என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
நான் பார்த்த பக்கங்களில் இல்லை.

“இருக்கட்டுங்க” என்றாள்.

விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று
டிராயரைத் திறந்தேன்.
“விக்க வரலைங்க. சீட்டு வேணும்.
எடை, டச், இன்னிக்கு விலை, உங்க முத்திரை.
லேபர் ஆபீஸ்ல கேட்டிருக்காங்க.
நாளுக்கு முந்நூத்தம்பது மேனிக்குப்
பதினெட்டாயிரத்து இருநூறு. அதுல இதைக் கழிச்சா
பதினாறாயிரத்து நானூத்தி எழுபது பாக்கி.”

நான் கால்குலேட்டரில் போட்டேன்.
சரியாக இருந்தது.

சீட்டில் ‘பொருள்’ என்று ஒரு கட்டம்.
கம்ப்யூட்டர் தருகிற பட்டியல் சின்னது:
கொலுசு, மெட்டி, அரைஞாண், தட்டு, கட்டி, இதர.
ராஜாவை இதரவில் போட்டேன்.
முத்திரை குத்தி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருக்கலாம் என்று
அவள் படியிறங்கிய பிறகு தோன்றியது.

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
மேஜைத் துணியைக் காட்டி,
“அந்த அரத்தூள்,” என்றாள்,
“அதையும் மடிச்சுக் குடுத்துடுங்க.”