தொலைந்ததற்கான ரசீது

ஐந்து பேர் வந்தார்கள்.
முதல்வர் அறையில் காபி கொடுத்தார்கள்.
காபி ஆறுவதற்குள்
பாடத்திட்டத்திலிருந்து ஒரு நாவல் இறங்கிவிட்டது.
அவர்கள் கையில் எண்பத்தெட்டாம் பக்கம் மட்டும் இருந்தது,
போனில் எடுத்த படம்,
ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ.

மதியம் தேசிங்கு சுற்றறிக்கையோடு வந்தார்.
கையெழுத்து போடுங்க மேடம் என்றார்,
விடுமுறைச் செய்தி கொண்டுவரும் அதே முகத்தோடு.

இருந்தவை நான்கு பிரதிகள்.
மூன்றை எடுத்துச் சணல் கயிற்றில் கட்டினேன்.
கட்டுமுன் நானும் எண்பத்தெட்டைப் படித்தேன்.
கிணற்றடியில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்கிறாள்.
அவ்வளவுதான்.
பதில் எண்பத்தொன்பதில் இருக்கிறது.
அதை யாரும் படம் எடுக்கவில்லை.

நீக்கல் பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு:
கரையான், மழை, கிழிசல், பழைய பதிப்பு.
இதற்கு என்ன எழுத?
பேனாவைத் திறந்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
மார்ச் பிறந்து நான்கு நாள்தான். வேலூருக்கு அது போதும்.
எதிர்மலை வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தது.
கரையான் என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருட சர்வீஸில்
நான் எழுதிய முதல் புனைகதை.

நான்காவது பிரதி, எண் 17204, வெளியே போயிருந்தது.
மு. செவ்வந்தி, வரலாறு, மூன்றாம் ஆண்டு, ஒடுகத்தூர்.
தேதி தாண்டிப் பதினோரு நாள்.
நாளொன்றுக்கு ஒரு ரூபாய்.

பாடமாக இருந்த இரண்டு வருடமும்
அதை எவரும் படித்ததில்லை.
பழைய பஸ் நிலையத்துப் பக்கம் கைடு கிடைக்கும்.
நீக்கிய மறுநாள் பன்னிரண்டு கோரிக்கைச் சீட்டு,
இயற்பியல் பையன்கள்கூட.
இல்லை, இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

இல்லை என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல.
கோட்டைக்குள் சாமியே இல்லாமல்
தலைமுறை தலைமுறையாக நின்ற கோயில்.
தூண் பார்க்க வந்தவர்களும்
வெறும் கருவறை முன்னால் ஒரு நிமிஷம்
பேசாமல் நின்றுவிட்டுத்தான் போவார்களாம்.
நாவல் அடுக்கில் விழுந்த இடைவெளியில்
பக்கத்துப் புத்தகங்கள் சாயாதிருக்க
ஒரு மரக்கட்டையைச் செருகினேன்.
பிள்ளைகள் வந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஒருநாள் காட்பாடியில் ஏறிய பாசஞ்சரில்
காலண்டர் தாளில் அட்டை போட்ட எதையோ
ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள்.
அட்டையில் முருகன், வேலோடு.
அதுதானா என்று தெரியாது.
தெரிந்துவிடக் கூடாதென்று
அடுத்த பெட்டிக்கு மாறினேன்.

காலையில் வந்ததும் முதல் வேலை அபராதம் கூட்டுவது.
பன்னிரண்டு. பதின்மூன்று. இருபத்தொன்பது.
எங்கோ அது உயிரோடிருப்பதற்கு
எனக்கு வந்த ஒரே தகவல் அந்தக் கூட்டல்.

ஏப்ரல் இருபத்துநான்கு.
பாக்கியில்லைச் சான்றுக்குச் செவ்வந்தி வந்தாள்.
தொலைஞ்சிடுச்சு மேடம்.
எங்கே?
தெரியல மேடம், கடைசியா வேதவல்லிகிட்ட...
நிறுத்திக்கொண்டாள்.
எனக்கு அந்த நேரம் பார்த்து
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துபோயிருந்தது.
குனிந்து, வெகுநேரம், தேடினேன்.

விலை நூற்றெண்பது. தொலைத்தால் இருமடங்கு.
அபராதம் அறுபத்திரண்டு.
ஆக நானூற்று இருபத்திரண்டு.
மேசையில் கொட்டினாள்: பத்து, இருபது, நிறையச் சில்லறை.
ஒரு நோட்டில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.
ஒன்றில் மருதாணிக் கறை.
ஒருத்தியின் பணம் இப்படி இருக்காது.

ரசீது எழுதினேன்.
எண், ஆசிரியர், நாவலின் தலைப்பு,
ஓர் எழுத்தும் சுருக்காமல்.
மை தொட்டுக் கல்லூரி முத்திரையை அழுத்தினேன்.
அவள் அதை மடிக்கவில்லை.
நீளமாகவே நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

17204-க்கு எதிரே
‘தொலைந்தது, தொகை வரவு’ என்று பதிந்து
கணக்கை மூடியாயிற்று.

மறுநாள் காலை, விசிறியைப் போட்டுவிட்டு
பழக்கத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.
அறுபத்துமூன்று
என்று வாய் சொல்லிவிட்டது.